நான் வாசிக்காமல் விட்ட மூன்று பக்கங்கள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லி நிறுவனத்தில் கேட்டார்கள். எந்த மருந்தை எவ்வளவு ஊற்றுவது, எந்தத் துணியால் எதைத் துடைப்பது என்பதை எல்லாம் நான் எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதை இரண்டு கிழமையில், பதினாலே நாளில், நீங்களே பழகிவிடுவீர்கள். வாழ்க்கையில் பாதியைத் துப்புரவு வேலையில் கழித்து ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் இருப்பது, எல்லாம் பிழையாகிப்போன நேரங்களில் ஆர் என்ன செய்தார்கள் என்ற கதைகள்தான். அதில் பெரிய கதையில் பிழை விட்டவளும் நானே. இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கம் பாதி, சந்தோஷம் பாதி.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் இருந்து டென்மார்க்கின் இஷொய்க்கு வந்து எனக்கு ஒன்றரை வருடம். மகனுக்கு மூன்று வயது. ஊரில் நான் வகுப்பில் முதலாம் பிள்ளை, உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தவள். அப்படிப்பட்ட நான் இங்கே வந்து மொப்பைப் பிடிக்கிறேனே என்று உள்ளுக்குள் ஒரு கறுவல் இருந்தது. டெனிஷ் வகுப்பிலும் நான்தான் முதலாவது. தலைக்கனம் என்றால் சாதாரணத் தலைக்கனம் இல்லை, தொப்பி போட முடியாத அளவுக்கு.

எங்கள் முதலாளி சிலி நாட்டுப் பெண். அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு தப்பி வந்தவர். பெயரைப் போட்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விடுகிறேன். என்னைவிட நாலு வயதுதான் மூப்பு. நாங்கள் அவரை அக்கா என்று கூப்பிட்டோம். தமிழில் முதலாளிக்கு அதுதான் சொல் என்று அவர் கனகாலமாக நினைத்துக்கொண்டிருந்தார். நாங்களும் திருத்தப் போகவில்லை.

அப்போது நிறுவனம் என்றால் ஏழு பெண்கள், அவ்வளவுதான். எல்லாரும் ஒரே குடியிருப்பில் இருந்தவர்கள். நாலு பேர் வேலைக்குப் போனால் மூன்று பேர் அக்காவின் வரவேற்பறையில் இருந்து எல்லாருடைய பிள்ளைகளையும் பார்ப்பார்கள். அடுத்த நாள் முறை மாறும். பிள்ளை பார்த்தவருக்கும் தரை துடைத்தவருக்கும் ஒரே சம்பளம். வேறு நிறுவனக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். அக்கா கவலைப்படவில்லை. அவருடைய கண் எங்கள் கட்டடத்தின் கீழே பூட்டிக் கிடந்த கடையில் இருந்தது. அதை எடுத்து ஒரு பக்கம் சலவை நிலையம், மறுபக்கம் பிள்ளைகளுக்கு ஒழுங்கான அறை என்று தினமும் ஒரு புதுத் திட்டம் சொல்வார். கேட்கக் கேட்க எங்களுக்கும் கால் தரையில் நிற்காது. ஆனால் நிலையான ஒப்பந்தம் ஒன்று இருந்தால்தான் அந்தக் கடையைத் தருவார்கள். அப்படி வந்ததுதான் அந்தப் பள்ளிக்கூடம். மூன்று மாதம் பரீட்சார்த்தமாகச் செய்ய வேண்டும், அதன் பிறகு தலைமை ஆசிரியர் திருப்திப்பட்டால் கையெழுத்து.

இதில் ஒரு இரகசியம் இருந்தது. அக்காவுக்கு வாசிக்க வராது. சிலியில் பள்ளிக்கூடத்தில் எழுத்துகள் அவர் கண்ணுக்கு ஒரு இடத்தில் நிற்கவில்லையாம். சோம்பேறி என்று சொல்லி ஆசிரியை அவரைக் கடைசி வாங்கில் சுவரைப் பார்த்தபடி இருத்தி வைத்தார். ஐந்தாம் வகுப்போடு விட்டுவிட்டு, தாயோடு வீடு துடைக்கப் போனார். இங்கே டெனிஷ் வகுப்பிலும் அதே கதைதான். பேச்சில் வெளுத்து வாங்குவார், தாளைக் கண்டால் முகம் இருண்டுவிடும். நான் சேர்ந்த இரண்டாம் கிழமை ஒரு கட்டுக் கடிதங்களை என் முன்னால் வைத்தார். நாங்கள் இருவரும் பேசியது டெனிஷ்காரர் கேட்டால் அழுகிற மாதிரியான ஒரு டெனிஷ். அதை இங்கே எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

“நீ படிச்சனி எண்டு சொல்லுகினம். இதுகளை எனக்கு வாசி. ஆருக்கும் சொல்லாதை.”

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் தலைக்கனம் இன்னும் ஒரு அங்குலம் வளர்ந்தது.

பள்ளிக்கூடம் பதினொரு பக்கத்தில் ஒரு விதிமுறைத் தாள் தந்தது. அக்காவின் சமையலறை மேசையில் வைத்து வாசித்தேன். அவர் கண்ணை மூடி, உள்ளங்கையை மேசையில் வைத்து, உதடு மெல்ல அசையக் கேட்டுக்கொண்டிருப்பார். ஐந்து பக்கம் ஒழுங்காகப் போனது. ஆறாம் பக்கத்தில் தரைகள் என்று தலைப்பு. ஏழிலும் எட்டிலும் அதுவேதான், நீள நீளமான சொற்கள். தரை துடைக்க எனக்கு டெனிஷ்காரன் சொல்லித் தர வேண்டுமோ என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, பக்கங்களைத் திருப்பியும் விட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று அக்கா கேட்டார்.

“தரை துடைக்கிறது. எங்களுக்குத் தெரிஞ்சதுதான்” என்றேன். பிறகு சாவிகளைப் பற்றிய ஒன்பதாம் பக்கத்தில் தொடங்கினேன்.

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் தெரியாத வேலையில் ஒருவரும் விழுவதில்லை. தெரியாததைக் கேட்டுக் கேட்டுச் செய்வோம். விழுவதெல்லாம் நன்றாகத் தெரிந்த வேலையில்தான்.

மூன்று மாதமும் நன்றாகப் போனது. பள்ளிக்கூடத்தைப் பராமரிக்கும் மனிதர் ஒருவர் இருந்தார். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி, காலை வணக்கம் சொன்னால் பதில் சொல்லாத முகம். அவர்கூட எங்களைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை. திங்கட்கிழமை காலை தலைமை ஆசிரியர் எல்லா இடத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தது. அதற்கு முன் வந்த சனிக்கிழமை அக்கா ஒரு ஞானஸ்நானத்துக்காகச் சில்க்போர்க் என்ற ஊருக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடச் சாவி என்னிடம்.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. உடற்பயிற்சி மண்டபத்தை அக்காவுக்குத் தெரியாமல் பளபளவென்று ஆக்கிவைப்போம். அந்த மண்டபத்தின் தரை முழுக்க மரப்பலகை. இங்கே வந்த நாளில் இருந்து ஈரத் துணியால் தடவித் தடவி எனக்கு அலுத்துப் போயிருந்தது. துப்புரவு என்றால் தண்ணீர் ஓட வேண்டாமோ? ஊரில் பெருநாள் கொடியேற்றத்துக்கு முதல் சனிக்கிழமை நாங்கள் மாதா கோயில் கழுவுவோம். கிணற்றடியில் இருந்து பீடம் வரைக்கும் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி ஊற்றி, தும்புத்தடியால் தள்ளிக்கொண்டு போய் வாசலால் இறக்கிவிட்டால்தான் கழுவினது என்று கணக்கு. என்னோடு வேலை செய்த மலர் மன்னார்க்காரி, அவளுக்கும் அதே பழக்கம். நான் வாயைத் திறந்து முடிக்கவில்லை, அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிவிட்டாள்.

குளியலறையில் இருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்தோம். மாதா பாட்டுப் பாடிக்கொண்டே ஊற்றினோம். சவர்க்கார நுரையில் மலர் ஒருமுறை சறுக்கி விழுந்து, எழும்பாமல் அங்கேயே இருந்து சிரித்தாள். வந்த நாளில் இருந்து நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை. கடைசியில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனபோதுதான் பார்த்தோம், மண்டபத்தில் தண்ணீர் இறங்க வாசலே இல்லை. அதையும் சிரித்துக்கொண்டே துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். தரை கண்ணாடி மாதிரி மின்னியது. திங்கட்கிழமை அக்காவின் முகம் எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டே வீடு போனோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அழகை இன்னொருமுறை பார்க்கலாம் என்று நானும் மலரும் போனோம். கதவைத் திறந்தவுடன் மலர் என் கையைப் பிடித்தாள். பலகைகள் எல்லாம் ஓரம் கிளம்பி, வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்து நின்றன. மண்டபம் முழுக்க அப்படித்தான்.

 ஏழு பேரின் வேலை, கீழ்க் கடை, பிள்ளைகளின் அறை, எல்லாம் அந்தத் தரையில்தான் கிடந்தன. பள்ளிக்கூடத் தொலைபேசியில் சில்க்போர்க்குக் கூப்பிட்டேன். அக்கா காலையிலேயே புறப்பட்டுவிட்டார் என்றார்கள். அவருடைய வீட்டுக்குக் கூப்பிட்டேன், அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். அவர் வரும் வரைக்கும் நாங்கள் இருவரும் மூளையைப் போட்டுக் கசக்கினோம். வெப்பமூட்டிகளை எல்லாம் முழுதாகத் திறந்துவிட்டால் நாளைக் காலைக்குள் காய்ந்து பழையபடி ஆகிவிடும் என்றேன் நான். மலருக்கு இன்னொன்று தோன்றியது. மூலையில் இருக்கும் வெப்பக் குழாய் போன மாதம் ஒழுகியது, அதை அந்தப் பராமரிப்பாளர்தான் திருத்தினார். அது மறுபடி ஒழுகிவிட்டது என்று சொன்னால் ஆருக்குத் தெரியும்? எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறைத்து என்ன பயன், உங்களுக்குச் சொல்லவென்றுதானே எழுதுகிறேன்.

அக்கா ஞானஸ்நானத்துக்குப் போன குதி உயர்ந்த சப்பாத்தோடு ஓடி வந்தார். வாசலில் அதைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என் கை வெப்பமூட்டியின் திருகில் இருந்தது.

“கையை எடு” என்றார். “இப்ப ஒரு பிழைதான் இருக்கு. ரெண்டாவதைச் செய்யாதை.”

கத்தவில்லை. தரையை ஒரு சுற்றுப் பார்த்தார். எங்களில் ஆருக்காவது மரத்தைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஆருக்குத் தெரியும் என்றார். பராமரிப்பாளருக்கு என்று மலர் முணுமுணுத்தாள், குழாயைப் பற்றியும் சொல்லிவிட்டாள். அக்கா உடனே வாசலுக்குத் திரும்பினார். அந்த மனிதரின் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான். வெறுங்காலோடு போய்க் கதவைத் தட்டினார்.

போவதற்கு முன் என்னிடம் ஒன்று கேட்டார்: அந்தத் தாளில் தரையைப் பற்றி என்ன இருந்தது?

“துடைக்கச் சொல்லித்தான் இருந்தது” என்றேன். அவரால் எடுத்துப் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். இவ்வளவு காலத்தில் நான் செய்த கேவலமான காரியம் அதுதான், தண்ணீர் ஊற்றினது இல்லை.

பராமரிப்பாளர் வந்தார், முழந்தாளில் இருந்து பெருவிரலால் பலகையை அமத்திப் பார்த்தார். ஆர் செய்தது என்று கேட்டார். நாங்கள் என்றார் அக்கா. மேல் ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார் பராமரிப்பாளர், சூட்டைக் கூட்டவே வேண்டாம் என்றார், ஒருவரும் மிதிக்காமல் பல கிழமை விட்டால் தானாகப் படியலாம், படியாமலும் போகலாம் என்றார். சூட்டைத் திறந்திருந்தால் பலகை எல்லாம் வெடித்திருக்குமாம். நான் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் வீட்டில் அந்த மூன்று பக்கத்தையும் வாசித்தேன். மரத்தரைக்கு நன்றாகப் பிழிந்த துணி மட்டும், தண்ணீர் நிற்கவே கூடாது. அதற்குக் கீழே கோடும் போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை தலைமை ஆசிரியரின் அறை. அக்கா, நான், வாசலில் சாய்ந்தபடி பராமரிப்பாளர். தலைமை ஆசிரியர் சிறிய மனிதர், கம்பளிச் சட்டை, வாயில் பைப். அக்கா கதிரையின் நுனியில் இருந்தார். சிலியில் பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு அனுப்பப்பட்ட நாளுக்குப் பிறகு இப்படி ஒரு தலைமை ஆசிரியர் அறைக்குள் கால் வைக்கவில்லை என்று வரும் வழியில் சொல்லியிருந்தார். 

தலைமை ஆசிரியர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. தாளில் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறதே, நீங்கள் வாசிக்கவில்லையா என்று கேட்டார்.  அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

“எனக்கு வாசிக்கத் தெரியாது” என்றார். “எனக்கு வாசிச்சுக் காட்டினவை. கேட்டதெல்லாம் தலையிலை இருக்கு.”

எல்லாமா என்றார் அவர், நம்பாமல். அக்கா கண்ணை மூடினார். உள்ளங்கையை அந்தப் பெரிய மேசையில் வைத்தார். தொடங்கினார்.

முதலாம் பக்கம், முதலாவது வரி. வகுப்பறைகள் எந்த ஒழுங்கில், கரும்பலகைத் தட்டில் எதைத் தொடக் கூடாது, ஜன்னல் எந்தப் பக்கத்தில் இருந்து, தீக்கதவுக்கு முன்னால் வாளி வைக்கவே கூடாது. மூன்று மாதத்துக்கு முன் ஒரே ஒருமுறை கேட்டது. தலைமை ஆசிரியர் தாளை எடுத்து விரலை ஓட்டத் தொடங்கினார். இரண்டாம் பக்கம் திரும்பியது, மூன்றாம் பக்கம் திரும்பியது. பைப் அணைந்துபோனது அவருக்குத் தெரியவில்லை. வாசலில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து நின்றார். எனக்கோ எழும்பிக் கைதட்ட வேண்டும் போல இருந்தது, அடுத்து வரப்போவது என்ன என்று உறைக்கும் வரைக்கும். ஐந்தாம் பக்கத்தின் கடைசி வரியையும் அக்கா சொல்லி முடித்தார். மூச்சு எடுத்தார்.

“தரை துடைக்கிறது. எங்களுக்குத் தெரிஞ்சதுதான்” என்றார். உடனே சாவிகளுக்குப் போனார்.

தலைமை ஆசிரியரின் விரல் நின்றுவிட்டது. முன்னால் திருப்பினார், பின்னால் திருப்பினார். நடுவில் மூன்று பக்கம் இருக்கிறதே, நீங்கள் சொன்ன வசனம் இதில் எங்குமே இல்லையே என்றார். அக்கா கண்ணைத் திறந்தார். அப்போதுதான் அவருக்கே விளங்கியது. அன்று காலையில் முதல்தடவையாக என்னைப் பார்த்தார். 

நான் எழும்பி நின்றேன்.

“அந்த வசனம் என்ரை. அந்த மூண்டு பக்கத்தையும் நான் வாசிக்கேல்லை. தெரிஞ்ச வேலை எண்டு விட்டனான். தண்ணி ஊத்தினதும் நான்தான். நேற்று அவ கேக்கேக்கை பொய்யும் சொன்னனான்.”

வகுப்பில் முதலாம் பிள்ளையின் டெனிஷ் அன்று ஒரு சொல்லுக்கு இரண்டு பிழையோடு வந்தது. ஆனாலும் விளங்கியது.  பிறகு வாசலில் இருந்து பராமரிப்பாளரின் குரல் வந்தது. அந்த மனிதர் அவ்வளவு நீளமாகப் பேசியதை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை. எத்தனையோ நிறுவனங்கள் வந்து போயினவாம். உடைத்ததை எல்லாம் மூடி மறைத்துவிட்டுப் போவார்களாம். பிழையோடு ஞாயிற்றுக்கிழமை தன் கதவைத் தட்டியது இந்தப் பெண் ஒருத்திதானாம், அதனால்தான் தரைக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறதாம்.

தலைமை ஆசிரியர் கையெழுத்தும் போடவில்லை, போகவும் சொல்லவில்லை. தரை படியட்டும், அதுவரை வேலையைச் செய்யுங்கள், பிறகு பார்ப்போம் என்றார்.

ஆறு கிழமை எடுத்தது. உடற்பயிற்சி வகுப்புகள் எல்லாம் குளிரில் வெளியே நடந்தன. மூக்குச் சிவந்து ஓடுகிற பிள்ளைகளைக் கடந்து தினமும் வேலைக்குப் போவேன். அக்கா என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. என் மகனை முன்போலவே தூக்கிக் கொஞ்சினார். ஆனால் கடிதம் ஒன்றுகூடத் தரவில்லை. அவற்றை மலரின் கணவர் வந்து வாசித்தார். அந்தச் சமையலறை மேசையைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். ஏச்சு வாங்கியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. வேலை போகும் என்று பயந்திருந்தேன். வேலை போகவில்லை, அவருடைய நம்பிக்கை போய்விட்டது, அதுதான் என்னைத் தின்றது.

பிறகு ஒருநாள் பராமரிப்பாளர் தானாகவே எங்களைத் தேடி வந்து, காலை வணக்கம் என்றார். நானும் மலரும் வாளிகளைப் போட்டுவிட்டு மண்டபத்துக்கு ஓடினோம். மட்டம் பார்க்கும் மட்டப்பலகையைத் தரையில் இழுத்து இழுத்து அவர் காட்டினார். வாசலடியில் இரண்டு பலகை தவிர மற்றதெல்லாம் படிந்திருந்தன. மலர் அந்தச் சிடுமூஞ்சி மனிதரைக் கட்டிப்பிடித்துவிட்டாள். அவர் சிலை மாதிரி நின்றார், ஆனால் காது சிவந்தது.

அடுத்த நாள் தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். என்னையும் வரச் சொன்னார் அக்கா. ஏன் என்று சொல்லவில்லை. மேசையில் ஒப்பந்தம் தயாராக இருந்தது. மூன்று வருடத்துக்கு. அதோடு புதிய விதிமுறைத் தாள், இந்தமுறை பதினான்கு பக்கம். தலைமை ஆசிரியர் பேனாவை நீட்டினார். அக்கா பேனாவை எடுக்கவில்லை. தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“வாசி.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேண்டாம் அக்கா, வேறு ஆரையாவது வையுங்கோ என்றேன்.

“வேறை ஆரை வைச்சாலும் அவையும் ஒருநாள் ஒரு பக்கத்தை விடுவினம்” என்றார். “நீ இனி விடமாட்டாய். வாசி.”

வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாக வாசித்துவிட்டு வந்தாலும் போதும் என்று தலைமை ஆசிரியர் சொல்லிப் பார்த்தார். கேட்ட பிறகுதான் கையெழுத்து என்று அக்கா பிடித்த பிடியில் நின்றார். அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். உள்ளங்கையை மேசையில் வைத்து, கண்ணை மூடினார்.

நான் பள்ளிக்கூடத்தின் விலாசத்தில் இருந்து தொடங்கினேன். திகதியையும் வாசித்தேன்.  இடைவேளை மணி அடித்தது, வெளியே பிள்ளைகள் கத்தி ஓடினார்கள், மறுபடி மணி அடித்து அடங்கினார்கள். ஆறாம் பக்கத்துக்கு வந்தபோது தலைமை ஆசிரியர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் ஒரு சொல்லும் விடாமல் அந்தப் பக்கத்தை முடித்து, அடுத்ததைத் திருப்பினேன்.